தட்டைப் பெட்டியில் வந்த அலமாரி

நுழையுமுன்

பெற்றோரின் பணியிட மாற்றத்தால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறும் குடும்பங்கள் நம் நாட்டில் பல உள்ளன. ஊர் மாறும்போது வீடும் மாறுகிறது. ஒரு வீட்டில் சுவர் நீளமாக இருக்கும். மற்றொரு வீட்டில் அது குறுகியிருக்கும். பழைய வீட்டில் சன்னல் இருந்த பக்கத்தில் புதிய வீட்டில் கதவு இருக்கும். அங்கே கச்சிதமாக அமர்ந்திருந்த அலமாரி இங்கே வழியை மறிக்கும். அவ்வலமாரியைக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு வேறொன்று வாங்குவதா? அல்லது இருப்பதையே புதிய வீட்டிற்கு ஏற்ப மாற்றிக்கொள்வதா? பகுதி பகுதியாகப் பிரித்துக் கோக்கத்தக்க அலமாரிகளின் அமைப்பையும், அவற்றை நம் தேவைக்கேற்ப மாற்றியமைக்கும் முறையையும் இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

பிரித்து அனுப்பும் வழக்கம்

அறைகலன்களைப் பிரித்து அனுப்பி, சேருமிடத்தில் கோக்கும் வழக்கம் புதியதன்று. வியன்னா நகரில் தொழில் நடத்திய மைக்கேல் தோனெட் என்பவர், மரத்தை நீராவியில் பதப்படுத்தி வளைக்கும் முறையில் தேர்ந்தவர். அவர் 1859 ஆம் ஆண்டில் உருவாக்கிய 14 ஆம் எண் நாற்காலி 6 மரப்பகுதிகளும், 10 திருகாணிகளும், 2 மரைகளும் மட்டுமே கொண்டது. அந்நாற்காலியைப் பிரித்து அடுக்கினால், ஒரு கன மீட்டர் அளவுள்ள பெட்டியில் 36 நாற்காலிகளை அடக்கிவிடலாம். இதனால் அந்நாற்காலி கப்பலேறி உலகின் பல நாடுகளுக்கும் எளிதாகச் சென்றது.

இவ்வழக்கம் எளிய வீடுகளுக்கும் பரவுவதற்குச் சுவீடன் நாட்டு நிறுவனமான ஐகியா பெரிதும் காரணமாயிற்று. அந்நிறுவனத்தை இங்வார் காம்பிராட் என்பவர் 1943 ஆம் ஆண்டில், தமது 17 ஆம் வயதில் தொடங்கினார். 1956 ஆம் ஆண்டில் அங்குப் பணியாற்றிய கில்லிஸ் லுண்ட்கிரென் ஒரு மேசையை மகிழுந்தில் ஏற்ற முயன்றார். கால்கள் இடித்தமையால் மேசை உள்ளே செல்லவில்லை. அவர் கால்களைக் கழற்றி, மேற்பலகையின் அடியில் வைத்து எடுத்துச் சென்றார். கால்களைக் கழற்றியே விற்றால் என்ன என்னும் எண்ணம் அதிலிருந்து வளர்ந்தது. இந்தியாவில் அந்நிறுவனத்தின் முதல் கடை 2018 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐதராபாத்தில் திறக்கப்பட்டது. இன்று நம் நாட்டு நிறுவனங்கள் பலவும் இவ்வகை அலமாரிகளைச் செய்து விற்கின்றன.

பிரித்து அனுப்புவதால் விளையும் பயனை ஓர் எளிய கணக்கால் உணரலாம். 150 செ.மீ. அகலமும், 80 செ.மீ. உயரமும், 40 செ.மீ. ஆழமும் உடைய ஓர் அலமாரி 4,80,000 கன செ.மீ. இடத்தை அடைக்கும். அதன் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, 16 செ.மீ. தடிமனுள்ள பெட்டியில் வைத்தால் 96,000 கன செ.மீ. போதும். அதாவது, முன்பு தேவைப்பட்ட இடத்தில் ஐந்தில் ஒரு பங்கே இப்போது தேவைப்படுகிறது. எஞ்சிய நான்கு பங்கும் வெறுங்காற்று. வண்டியில் காற்றை ஏற்றிச் செல்வதற்கும் நாம் வாடகை கொடுக்க வேண்டுமல்லவா?

அளவே இதன் இலக்கணம்

நம் வீட்டுச் சமையலறையிலுள்ள அஞ்சறைப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். வெளிப்பெட்டி ஒன்று, உள்ளே ஒரே அளவுள்ள சிறு கிண்ணங்கள் பல. கடுகு வைத்த கிண்ணத்தை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் மிளகுக் கிண்ணத்தை வைக்கலாம். அளவு ஒன்றாக இருப்பதனால்தான் இவ்விடமாற்றம் இயலுகிறது. பகுதியலகு அலமாரிகளின் அடிப்படையும் இதுவே.

ஐகியா நிறுவனத்தின் கல்லாக்ஸ் என்னும் அலமாரியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அது ஒரே அளவுள்ள சதுர அறைகளால் ஆனது. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 33 செ.மீ. அகலமும் அதே அளவு உயரமும் கொண்டது. நான்கு அறைகள் உடையது, எட்டு அறைகள் உடையது, பதினாறு அறைகள் உடையது எனப் பல வடிவங்களில் அது கிடைக்கிறது. ஓர் அறையில் புத்தகங்களை அடுக்கலாம். மற்றோர் அறையில் கதவு பொருத்தலாம். வேறோர் அறையில் இரண்டு இழுப்பறைகளைச் செருகலாம். எட்டு அறை அலமாரிக்கு வாங்கிய கூடை, பதினாறு அறை அலமாரிக்கும் பொருந்தும்.

இதற்கு முன்னர் எக்ஸ்பெடிட் என்னும் பெயரில் இதே போன்ற அலமாரி விற்கப்பட்டது. 2014 ஆம் ஆண்டில் அது நிறுத்தப்பட்டு, அதன் இடத்தில் கல்லாக்ஸ் வந்தது. பழைய அலமாரியின் அறைகளில் 12 அங்குல இசைத்தட்டுகள் கச்சிதமாக அமர்ந்தமையால், இசைத்தட்டு சேகரிப்போர் அதனை மிகவும் விரும்பியிருந்தனர். அது நிறுத்தப்படும் என்ற செய்தி வெளிவந்தபோது ஜெர்மனியில் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆனால், புதிய அலமாரியின் வெளிச்சட்டகம்தான் மெலிந்ததே தவிர, உள்ளறையின் அளவு மாறவில்லை. ஆதலால் பழைய கூடைகளும் இசைத்தட்டுகளும் புதிய அலமாரியிலும் பொருந்தின. அளவு மாறாதவரை பழையதும் புதியதும் இணைந்து வாழும்.

துணி வைக்கும் உயரமான அலமாரிகளின் பக்கப் பலகைகளில் சிறு துளைகள் வரிசையாக இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அத்துளைகள் பெரும்பாலும் 5 மி.மீ. விட்டமும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு 32 மி.மீ. இடைவெளியும் உடையவை. தட்டுகளைத் தாங்கும் முளைகளும், கதவின் கீல்களும், இழுப்பறையின் தண்டவாளங்களும் இவ்வளவுக்கு ஏற்பவே செய்யப்படுகின்றன. எனவே, ஒரு தட்டை மேலே ஏற்றவோ, கீழே இறக்கவோ, வேறு நிறுவனத்தின் உதிரிப்பகுதியைப் பொருத்தவோ பல வேளைகளில் முடிகிறது.

உள்ளே இருப்பது என்ன?

மாற்றத் தொடங்கும் முன்னர், பலகை எதனால் ஆனது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். நம் பாட்டனார் காலத்துத் தேக்கு அலமாரி முழுமரத்தால் ஆனது. தட்டைப் பெட்டியில் வரும் அலமாரிகளுள் பெரும்பாலானவை அத்தகையன அல்ல. மரத்துகள்களைப் பசையுடன் கலந்து, வெப்பத்தில் அழுத்திச் செய்த துகள்பலகையே பலவற்றில் பயன்படுகிறது. அதன்மேல் வழவழப்பான மெல்லிய தாள் ஒட்டப்பட்டிருக்கும். வேறு சில பலகைகளில் வெளிப்புறம் மட்டுமே கெட்டியானது. உள்ளே தேன்கூடு போன்ற காகித அறைகளே இருக்கும். கல்லாக்ஸ் அலமாரியின் தடித்த சட்டகமும் இவ்வகையைச் சார்ந்ததே. தேன்கூட்டு அமைப்பு எடையைக் குறைக்கிறது. அதேவேளையில் போதிய வலிமையையும் தருகிறது.

இவ்வமைப்பிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, உள்ளீடற்ற பலகையில் நினைத்த இடத்தில் திருகாணியை முடுக்கினால் அது பிடிப்பின்றிக் கழன்றுவிடும். இரண்டாவது, அத்தகைய பலகையை இரம்பத்தால் அறுத்தால், உள்ளே இருக்கும் காகிதமே வெளித்தெரியும். அறுத்த விளிம்பு வலுவிழக்கும். மூன்றாவது, துகள்பலகைக்கு நீர் பகை. ஒருமுறை நீர் புகுந்து உப்பிவிட்டால் அது பழைய நிலைக்குத் திரும்பாது. இம்மூன்றையும் அறிந்தவருக்கு, எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்பது தானே விளங்கும்.

மாற்றத்தக்கவை

முதலில் அளவெடுத்தல். அளவு நாடாவைக் கொண்டு சுவரின் அகலத்தை மேலும், நடுவிலும், கீழுமாக மூன்று இடங்களில் அளக்க வேண்டும். கட்டப்பட்ட சுவர்கள் எப்போதும் நேராக இருப்பதில்லை. மூன்றில் சிறிய அளவையே கணக்கில் கொள்ள வேண்டும். பின்னர், அலமாரி நிற்கப்போகும் இடத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் கோடிட்டுக் காட்டுக. கதவு திறக்கிறதா, மின்பொத்தான் எட்டுகிறதா, நடக்க வழி இருக்கிறதா என ஒருநாள் முழுவதும் கவனிக்க. கோட்டை அழித்து வரைவது எளிது. அலமாரியை நகர்த்துவது அரிது.

உயரமான அலமாரியை வாங்குவோர் மேலும் ஒன்றை நோக்க வேண்டும். தரையில் படுக்கவைத்துக் கோத்த அலமாரியைத் தூக்கி நிறுத்தும்போது, அதன் மூலைவிட்டம் மேற்கூரையைத் தொடக்கூடும். 240 செ.மீ. உயரமும் 60 செ.மீ. ஆழமும் உடைய அலமாரியின் மூலைவிட்டம் ஏறத்தாழ 247 செ.மீ. ஆகும். கூரையின் உயரம் 245 செ.மீ. என்றால், அலமாரியின் உயரம் பொருந்தினாலும் அதனைத் தூக்கி நிறுத்த இயலாது. கணக்குப் பாடத்தில் படித்த பிதாகரசு தேற்றம் இங்கே கைகொடுக்கிறது. அத்தகைய வீடுகளில் அலமாரியை நின்ற நிலையிலேயே கோக்க வேண்டும். அதற்குக் கையேடு இடமளிக்கிறதா என முன்னரே பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அறைகளை நிரப்பும் முறை. இதுவே செலவு குறைந்த மாற்றம். கடையில் விற்கும் நெகிழிக் கூடைகளே வேண்டும் என்பதில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த பனையோலைப் பெட்டியும், கோரையால் முடைந்த கூடையும் இவ்வறைகளில் அழகாக அமரும். 33 செ.மீ. அகலமுள்ள அறைக்கு 31 செ.மீ. அகலமுள்ள கூடை ஏற்றது. பக்கத்திற்கு ஒரு செ.மீ. இடைவெளி இருந்தால்தான் விரல் நுழைத்து வெளியே இழுக்க முடியும். பழைய பருத்திப் புடைவையைத் தைத்துச் சிறு திரையாகத் தொங்கவிட்டால், கதவின் செலவும் மிச்சம். தூசியும் உள்ளே புகாது.

மூன்றாவது, வண்ணமும் கோலமும். வழவழப்பான பரப்பில் வண்ணம் நேரடியாக ஒட்டாது. சில நாள்களிலேயே உரிந்துவிடும். முதலில் மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பு நீங்கும் அளவுக்கு மட்டும் மென்மையாகத் தேய்க்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் மேல்தாள் கிழிந்துவிடும். ஈரத்துணியால் தூசியைத் துடைத்து உலர்த்திய பின்னர், முதற்பூச்சு பூச வேண்டும். அது நன்கு காய்ந்ததும் வண்ணத்தை மெல்லிய பூச்சாக இரண்டு முறை பூசலாம். ஒரே முறையில் தடிமனாகப் பூசினால் வண்ணம் வழிந்து திட்டுத்திட்டாகும். இப்பணிகளைச் சன்னல்களைத் திறந்துவைத்தே செய்ய வேண்டும்.

சதுரக் கதவு ஒன்றில் கோலம் வரையவும் இயலும். கதவின் பக்கம் 33 செ.மீ. என்க. நான்கு புறமும் 4.5 செ.மீ. ஓரம் விட்டால் நடுவில் 24 செ.மீ. பக்கமுள்ள சதுரம் கிடைக்கும். அதில் 3 செ.மீ. இடைவெளியில் புள்ளிகள் வைத்தால், வரிசைக்கு ஒன்பது புள்ளிகளாக ஒன்பது வரிசைகள் அமையும். மார்கழிக் காலையில் வாசலில் இடும் கோலத்தை, வாசலே இல்லாத அடுக்குமாடி வீட்டிலும் இவ்வாறு நிலைபெறச் செய்யலாம். வண்ணம் பூச விரும்பாதோர் ஒட்டுத்தாளைப் பயன்படுத்தலாம். வேண்டாதபோது அதனை உரித்துவிடலாம் என்பது அதன் நன்மை.

நான்காவது, கால்கள். நம் வீடுகளில் தரையை நீர்விட்டுத் துடைப்பது அன்றாட வழக்கம். தரையைத் தொட்டு நிற்கும் துகள்பலகையின் அடிப்பகுதி நாளடைவில் நீரை உறிஞ்சி உப்பிவிடுகிறது. நீர் புகாத சிறு கால்களைப் பொருத்தி அலமாரியை 10 செ.மீ. உயர்த்தினால், துடைப்பமும் ஈரத்துணியும் அடியில் சென்றுவரும். ஆனால், காலைத் தாங்கும் இடம் கெட்டியான மரமா, உள்ளீடற்றதா என்பதைக் கையேட்டில் பார்த்தே திருகாணி இட வேண்டும். உள்ளீடற்றதாயின், ஒட்டுப்பலகையால் ஒரு பீடம் செய்து, அதன்மேல் அலமாரியை அமர்த்தி, இரண்டையும் இணைப்பதே நல்லது.

மாற்றலாகாதவை

அலமாரியின் முதுகில் பொருத்தப்படும் மெல்லிய பலகையைப் பலர் அழகுக்காக வைத்ததென எண்ணி விட்டுவிடுகின்றனர். அதன் பணியை ஒரு சோதனையால் அறியலாம். நான்கு அட்டைப் பட்டைகளைச் சதுரமாக வைத்து, மூலைகளில் குண்டூசி குத்துங்கள். ஒரு பக்கத்தைத் தள்ளினால் சதுரம் சாய்ந்து இணைகரமாகிவிடும். இப்போது அதன் பின்புறம் ஒரு முழுத்தாளை ஒட்டிவிட்டுத் தள்ளிப் பாருங்கள், சதுரம் அசையாது. முதுகுப்பலகை அலமாரிக்குச் செய்யும் பணியும் இதுவே. அதனை நீக்கினால், அலமாரி ஒருநாள் பக்கவாட்டில் சாய்ந்து விழக்கூடும். முதுகுப்பலகை இல்லாமலே வடிவமைக்கப்பட்ட அலமாரிகளில் தடித்த சட்டகமும் இறுக்கமான மூலைகளும் அப்பணியைச் செய்கின்றன. ஆதலால் அவற்றின் சட்டகத்தை அறுத்தலும் கூடாது.

தட்டின் நீளத்திலும் கவனம் தேவை. இரு தாங்கிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை இருமடங்காக்கி, அதே நெருக்கத்தில் புத்தகங்களை அடுக்கினால், தட்டின் தொய்வு இருமடங்காவதில்லை; பதினாறு மடங்காகிறது. பலகையின் தடிமனை இருமடங்காக்கினாலோ, தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. எனவே, இடம் பெருகட்டும் என்று நடுத்தடுப்பை எடுத்துவிடுவது தவறு. கல்லாக்ஸ் அலமாரியின் ஓர் அறை தாங்கக்கூடிய எடை 13 கிலோ எனக் குறிக்கப்பட்டுள்ளது. புத்தகங்களை ஒரே வரிசையில் அடுக்கினால் பெரும்பாலும் எடை அந்த அளவைத் தாண்டுவதில்லை. முன்னும் பின்னுமாக இரு வரிசைகள் அடுக்கினால் தாண்டக்கூடும்.

எல்லாவற்றினும் முதன்மையானது, அலமாரியைச் சுவருடன் பிணைத்தல். இழுப்பறைகளைத் திறக்கும்போது அலமாரியின் எடை முன்னோக்கி நகர்கிறது. திறந்த இழுப்பறையைப் படியாக்கி ஒரு குழந்தை ஏறினால், அலமாரி அக்குழந்தையின் மேலேயே கவிழும். இவ்வாறு குழந்தைகள் உயிரிழந்த நிகழ்வுகளை அடுத்து, 2016 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏறத்தாழ 2 கோடியே 90 இலட்சம் இழுப்பறைப் பெட்டிகள் திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டன. அலமாரியுடன் வரும் சிறு இரும்புப் பட்டையையும் திருகாணியையும் தேவையற்றவை என ஒதுக்கிவிடக் கூடாது. அவை வீட்டிலுள்ள தம்பி, தங்கையின் உயிர்க்காவல்.

சுவரில் துளையிட்டு, அதில் நெகிழி முளையைச் செருகி, அதனுள் திருகாணியை முடுக்கிப் பட்டையைப் பிணைக்க வேண்டும். சுவருக்குள் மின்கம்பியோ, நீர்க்குழாயோ செல்கிறதா என்பதை முன்னரே கேட்டறிய வேண்டும். இது பெரியவர்கள் செய்ய வேண்டிய பணி. வாடகை வீட்டிலும் அரசுக் குடியிருப்பிலும் சுவரில் துளையிட இசைவு பெறவேண்டியிருக்கும். இரண்டு சிறு துளைகள் எதற்காக என்பதை எடுத்துரைத்தால் பலர் இசைவர். வீட்டைக் காலிசெய்யும்போது சுவர்ப்பூச்சால் அவற்றை அடைத்துவிடலாம். இசைவு கிட்டாவிடில், உயரமான அலமாரியைத் தவிர்த்து, தாழ்வானதும் அகலமானதுமான ஒன்றைத் தேர்ந்து, எடை மிகுந்த பொருள்களைக் கீழ்த்தட்டில் வைப்பதே அறிவுடைமை.

ஓர் அறை, இருவர்

இதுவரை கண்டவற்றை ஒரு சூழலில் பொருத்திப் பார்ப்போம். ஒரு குடியிருப்பில் அக்காவும் தம்பியும் ஒரே அறையைப் பகிர்ந்துகொள்கின்றனர். அறையின் அகலம் 320 செ.மீ. அக்காவுக்குத் தேர்வு, தம்பிக்கு விளையாட்டு. இருவருக்கும் தனித்தனி இடம் வேண்டும். புதிய சுவர் எழுப்ப இயலாது.

எட்டு அறை அலமாரியைப் படுக்கைவாட்டில் வைத்தால் அதன் உயரம் ஏறத்தாழ 77 செ.மீ.; நீளம் 147 செ.மீ.; ஆழம் 39 செ.மீ. அதனை அறையின் நடுவே, ஒரு முனை சுவரைத் தொடுமாறு நிறுத்திச் சுவருடன் பிணைக்கலாம். இருபுறமும் ஏறத்தாழ 140 செ.மீ. இடம் கிடைக்கும். எட்டு அறைகளில் நான்கு அக்காவின் பக்கம் திறந்திருக்கும். நான்கு தம்பியின் பக்கம் திறந்திருக்கும். ஒவ்வோர் அறையின் மறுபுறத்தையும் தடித்த அட்டையால் மறைத்தால், ஒருவர் பொருளை மற்றொருவர் எடுத்துவிட்டார் என்னும் பூசலுக்கு இடமில்லை. அவ்வட்டையின் வெளிப்புறத்தில் அக்கா பாட அட்டவணையையும், தம்பி தான் வரைந்த படங்களையும் ஒட்டிக்கொள்ளலாம். தடுப்பு தாழ்வாக இருப்பதனால் மின்விசிறியின் காற்றும் சன்னலின் வெளிச்சமும் இருவருக்கும் கிட்டும்.

இம்மாற்றத்தில் சட்டகம் அறுபடவில்லை. புதிய துளைகளும் அலமாரியில் இடப்படவில்லை. அடுத்த ஊரில் அறை சிறியதாக இருந்தால், அட்டைகளை எடுத்துவிட்டு அதே அலமாரியைச் சுவரோரம் வைக்கலாம். பின்னாளில் திரும்பப் பெறக்கூடிய மாற்றமே சிறந்த மாற்றம்.

மீண்டும் பிரிக்கும்போது

துகள்பலகை முழுமரத்தைப் போல் பலமுறை பிரித்துக் கோப்பதைத் தாங்காது. எனவே, ஊர் மாறும்போது சில முறைகளைப் பின்பற்ற வேண்டும்.

பிரிக்கும் முன்னர் அலமாரியைப் பல கோணங்களில் படம் எடுத்துக்கொள்க. ஒவ்வொரு பலகையின் உட்புறத்திலும் பென்சிலால் எண் இடுக. திருகாணிகளையும் மரமுளைகளையும் ஒரு பையிலிட்டு, பெரிய பலகையுடன் சேர்த்துக் கட்டுக. கோத்த நிலையில் அலமாரியைத் தரையில் இழுக்காமல், இருவராகத் தூக்குக.

மீண்டும் கோக்கும்போது, திருகாணியைப் பழைய துளையில் வைத்து முதலில் இடப்புறமாக மெல்லத் திருப்புக. ‘டக்’ என்று ஓர் அசைவு தெரியும். திருகாணியின் புரி, துளையிலுள்ள பழைய புரியில் அமர்ந்துவிட்டது என்பதே அதன் பொருள். அதன்பின் வலப்புறமாக முடுக்கினால் துளை பழுதடையாது. துளை ஏற்கெனவே தளர்ந்திருந்தால், மரப்பசை தடவிய மரச்சீவலை அதில் செருகி, ஒருநாள் உலரவிட்டுப் பின்னர் முடுக்குவது தச்சர்களின் பழைய வழக்கம். மின்துளைப்பானின் முழு வேகத்தில் முடுக்காமல், கடைசிச் சுற்றுகளைக் கையால் திருப்புளி கொண்டு முடுக்குவதே நன்று.

செய்பவரும் ஆக்குபவரே

1974 ஆம் ஆண்டில் இத்தாலிய வடிவமைப்பாளர் என்சோ மாரி, சாதாரணப் பலகைகளையும் ஆணிகளையும் கொண்டு எவரும் தாமே செய்துகொள்ளத்தக்க மேசை, நாற்காலி, அலமாரி ஆகியவற்றின் வரைபடங்களை வெளியிட்டார். தம் கையால் ஒரு பொருளைச் செய்து பார்ப்பவர், அப்பொருள் ஏன் அவ்வாறு அமைந்துள்ளது என்பதையும் உணர்வார் என்பது அவரது கருத்து. தட்டைப் பெட்டியில் வரும் அலமாரிக்கும் இது பொருந்தும்.

தொழிற்சாலை எல்லா வீட்டுக்கும் ஒரே அலமாரியைத்தான் அனுப்புகிறது. அதனைப் பெறும் வீடுகளோ ஒன்று போல் இருப்பதில்லை. ஒரு வீட்டில் தாத்தாவின் மருந்துகள் கைக்கெட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் வீணைக்கு இடம் வேண்டும். ஒரு வீட்டில் தறிநூலுக்கு இடம் வேண்டும். அத்தேவைகளை வடிவமைத்தவர் அறியார்; அவ்வீட்டில் வாழ்பவரே அறிவார். பொருளின் இயல்பை அறிந்து, அதன் வலிமை குன்றாமல் தம் தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்பவர், பொருளை வாங்குபவர் மட்டுமல்லர்; அதனை ஆக்குபவரும் ஆவார்.

சொல்லும் பொருளும்

அறைகலன் – மேசை, நாற்காலி, கட்டில், அலமாரி போன்ற வீட்டுப் பொருள்
பகுதியலகு – சேர்த்துக் கோக்கத்தக்க ஒரே அளவுள்ள பகுதி
திருகாணி – புரியுடைய ஆணி
திருப்புளி – திருகாணியை முடுக்கும் கருவி
மரை – திருகாணியின் முனையில் பூட்டும் வளையம்
கீல் – கதவு திறந்து மூடத் துணைசெய்யும் இணைப்பு
உப்புத்தாள் – பரப்பைத் தேய்த்துச் சீராக்கும் சொரசொரப்பான தாள்
முதற்பூச்சு – வண்ணத்திற்கு முன்னர்ப் பூசப்படும் அடிப்பூச்சு
இசைவு – ஒப்புதல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. தோனெட்டின் நாற்காலி பல நாடுகளுக்கும் எளிதாகச் சென்றதன் காரணம் யாது?
2. அஞ்சறைப் பெட்டிக்கும் பகுதியலகு அலமாரிக்கும் உள்ள ஒற்றுமை யாது?
3. வழவழப்பான பரப்பில் வண்ணம் பூசும் முன்னர்ச் செய்ய வேண்டுவன யாவை?

ஆ. ஐந்து தொடர்களில் விடையளிக்க.
1. அலமாரியைச் சுவருடன் பிணைப்பது ஏன் இன்றியமையாதது?
2. ‘பின்னாளில் திரும்பப் பெறக்கூடிய மாற்றமே சிறந்த மாற்றம்’ – இத்தொடரை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

இ. பிரித்து எழுதுக.
அவ்வலமாரி, ஒவ்வோர், தேவைக்கேற்ப, வெறுங்காற்று

ஈ. கணக்கிட்டு அறிக.
ஓர் அலமாரியின் உயரம் 200 செ.மீ.; ஆழம் 50 செ.மீ. அதன் மூலைவிட்டத்தைக் காண்க. உங்கள் வீட்டுக் கூரையின் உயரத்தோடு ஒப்பிட்டு, அதனைப் படுக்கவைத்துக் கோக்க இயலுமா எனக் கூறுக.

உ. செயல்பாடு
உங்கள் வீட்டிலுள்ள அலமாரி ஒன்றை அளந்து அதன் படத்தை வரைக. வீட்டிலுள்ள பெரியவர்களிடம், அவ்வலமாரியில் எதனை எடுப்பது அவர்களுக்குக் கடினமாக இருக்கிறது எனக் கேட்டறிக. அக்குறையை நீக்க நீங்கள் செய்ய விரும்பும் ஒரு மாற்றத்தைப் பத்துத் தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.